குளிர்கால நிறுத்தமும் கேம்பர் வண்டிக்குள் ஏறும் ஓதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

படுக்கையும் சமையலறையும் கொண்ட பயண வண்டிகளான கேம்பர் வண்டிகளைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த அறிவுரையைப் படித்தேன். சன்னல், கூரைத் திறப்பு, தரையோரக் காற்றுத்துளைகள் ஆகிய எல்லாவற்றையும் பிசின் நாடாவால் அடைத்து, ஈரம் உறிஞ்சும் உப்புப் பெட்டிகள் இரண்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் வசந்தம் வரும்வரை கவலை இல்லை என்பது அதன் சாரம். கேம்பர், கேரவன் வண்டிகளின் உட்புற மரவேலைகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அந்த அறிவுரையில் ஒரு பகுதி பயனற்றது என்றும், இன்னொரு பகுதி உயிருக்கே ஆபத்தானது என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். தரையோரத்தில் இருக்கும் காற்றுத்துளைகள் கோடையில் காற்று வாங்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் புரோப்பேன் வாயு, காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது; பியூட்டேன் இரண்டு மடங்கு கனமானது. குழாயில் எங்காவது கசிவு ஏற்பட்டால் அந்த வாயு மேலெழுந்து கூரை வழியாகப் போய்விடாது, தரையில்தான் தேங்கும். அது வெளியேறுவதற்கும், அடுப்பு எரியும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகாதபடி புதுக்காற்று நுழைவதற்கும்தான் அந்தத் துளைகள். நாடா ஒட்டியவர் வசந்தத்தில் மறக்காமல் பிரித்துவிடுவார் என்று நம்பி அறிவுரை சொல்ல இயலாது. படுக்கைக்கு அடியிலும் அலமாரியின் தரையிலும் மறைந்திருக்கும் துளையை அடைத்தவர் ஒருவராகவும், மாதங்கள் கழித்து ஒரு குளிர்ந்த இரவில் அடுப்பைப் பற்றவைப்பவர் வேறொருவராகவும் இருக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மற்றவற்றை வாசகர்கள் தங்கள் அனுபவத்தால் திருத்திக்கொள்ளலாம். தரையோரத் துளைகளை அடைக்கச் சொன்ன இந்த ஒரு வரியை மட்டுமாவது அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். வண்டிக்குள் ஓதம் ஏறிவிட்டது என்றவுடன் எல்லாரும் காற்றைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஈரத்தின் பெரும்பகுதி காற்றில் இல்லை. மரத்திலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் தரைவிரிப்பிலும்தான் இருக்கிறது. ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டியின் உட்புறக் கொள்ளளவை 25 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய நீராவி சுமார் 9.4 கிராம். அந்த வண்டியின் காற்று முழுவதும் ஈரத்தால் நிறைந்துவிட்டாலும் அதில் உள்ள நீர் கால் லிட்டரைத் தாண்டாது. மரத்தின் கணக்கு முற்றிலும் வேறு. ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உள்ளது என்ற அளவு) 80 சதவீதமாக உள்ள சூழலில் மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 16 சதவீத அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். 50 சதவீதச் சூழலில் அது 9 சதவீதத்துக்கு இறங்கும். அப்படியானால் 100 கிலோ மரமும் பிளைவுட்டும் உள்ள ஒரு வண்டி, இந்த இரு நிலைகளுக்கிடையே மட்டும் ஏழு லிட்டர் நீரை வெளிவிட வேண்டியிருக்கிறது. மெத்தைகளும் துணிகளும் பிடித்துவைத்திருப்பது இதற்கு மேல். கடைசிப் பயணத்தின் ஈரத்தோடு வண்டியைப் பூட்டுகிறவர், இத்தனை நீரையும் உள்ளே வைத்துத்தான் பூட்டுகிறார்.

பூட்டிய வண்டிக்குள் அந்த நீர் சும்மா இருப்பதில்லை. பகலில் வெயில் பட்டுக் கூரை சூடேறும்போது மெத்தையும் மரமும் ஈரத்தைக் காற்றுக்கு விடுகின்றன. இரவில் கூரைத் தகடும் சன்னல் சட்டமும்தான் முதலில் குளிர்கின்றன. மேகமற்ற இரவுகளில் கூரைத் தகடு வெளிக்காற்றைவிடவும் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். 20 டிகிரியில் 17 கிராமுக்கு மேல் நீராவி தாங்கும் ஒரு கனமீட்டர் காற்று, 0 டிகிரியில் ஐந்து கிராமைக்கூடத் தாங்குவதில்லை. மிஞ்சிய நீர் எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் அதில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிறது; இன்னொரு பகுதி சட்டத்தின் ஓரமாக வழிந்து சுவர்ப்பலகைக்குள் இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக, மெத்தையில் பரவலாக இருந்த ஈரம் குளிர்ந்த மூலைகளில் போய்ச் சேர்ந்து குவிகிறது.

பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதன் தடத்தை எளிதாகப் படிக்கலாம். உட்கூரையை வெளிப்புறத்தோடு பிணைத்திருக்கும் திருகாணிகளின் தலைகள் மட்டும் துருவேறி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வட்டம் ஒன்று படிந்திருக்கும். உலோகத் திருகாணி வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்துவதால் அதன் தலையில்தான் முதல் துளி நிற்கும். சுவரோரப் படுக்கையைத் தூக்கிப் பார்த்தால், மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் சுத்தமாக இருக்க, சுவரைத் தொட்ட விளிம்பில் மட்டும் கரும்புள்ளிகள் நெருக்கமாக வரிசை பிடித்திருக்கும். சன்னலின் கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், மேலே ஒட்டிய அலங்காரத் தாள் பளபளவென்று புதிது போலவே இருக்க, அதன் பின்னால் உள்ள பலகை ஓசையே இல்லாமல் உள்ளே அமுங்கும். அந்த நிலைக்கு வந்த பிறகு உப்புப் பெட்டியும் உதவாது, காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் ஈரநீக்கி இயந்திரமும் உதவாது. சுவரைப் பிரித்து, மக்கிய சட்டத்தை வெட்டி எடுத்து, புது மரம் வைத்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. குளிர்காலப் பராமரிப்பு கதவைப் பூட்டிய பிறகு தொடங்குவதில்லை. பூட்டுவதற்கு முந்தைய நாட்களிலேயே அதன் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். மெத்தை, தலையணை, போர்வை, திரைச்சீலை, கழற்றக்கூடிய விரிப்பு ஆகிய எல்லாவற்றையும் வண்டியிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் உலர்ந்த அறையில் வைத்துவிடுவதைப் போன்ற பலன் தரும் செயல் வேறில்லை. எடுக்க முடியாத திண்டுகளைச் சுவரைத் தொடாமல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்க் கலன், குழாய்கள், பம்ப், கழிவறைக் கலன் ஆகியவற்றை முழுவதும் வடித்துக் குழாய்களைத் திறந்தே விட வேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் குழாய் வெடிப்பது ஒருபுறமிருக்க, தேங்கிய நீர் வாரக்கணக்கில் ஆவியாகி உள்ளேயே திரிந்துகொண்டிருக்கும். குளிர்பதனப் பெட்டியைத் துடைத்து உலர்த்தி, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு கட்டையை வைக்க வேண்டும். பூட்டி வைத்த பெட்டியில் பிடிக்கும் வாடையைப் பிறகு போக்குவது எளிதன்று. அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள், இருக்கைகளின் மூடிகள் யாவும் திறந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வண்டியின் ஹீட்டரை இயக்கி, கூரைத் திறப்பைச் சற்றுத் திறந்து வைத்து, உட்புறத்தைச் சூடாக்கி ஈரக்காற்றை வெளியே துரத்த வேண்டும். உலர்ந்த வானிலையுள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து இதைச் செய்வது நல்லது. ஒரு நாளில் மரம் உலர்ந்துவிடாது என்பதால் முடிந்தால் அடுத்தடுத்த நாட்களிலும் செய்யலாம். இந்த இடத்தில் பலரும் சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியை உலர்த்த முற்படுகிறார்கள். இதை எவ்வளவு அழுத்தமாக மறுத்தாலும் தகும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒரு கிலோ 600 கிராமுக்கு மேல் நீர் உண்டாகிறது. புகைப்போக்கி வழியாக எரிவாயுவின் கழிவை வெளியே தள்ளும் ஹீட்டரில் அந்த நீர் வெளியே போய்விடும். திறந்த அடுப்பில் அத்தனையும் வண்டிக்குள்ளேயே இறங்கும். உலர்த்துவதாக எண்ணிக்கொண்டு, வாளியில் நீர் கொண்டுவந்து சுவரில் ஊற்றுவதற்கு நிகரான செயல் அது. கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு இருக்கிறது.

நன்றாக உலர்த்திய வண்டியை எப்படி வைத்திருப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றோட்டத்தை நம்புவது. மற்றொன்று, திறப்புகளை மூடி உள்ளே ஈரநீக்கியை இயக்குவது. எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்ய வேண்டும். சன்னலையும் திறந்து வைத்து உப்புப் பெட்டியையும் வைப்பவர் இரண்டின் பலனையும் இழக்கிறார். 25 கனமீட்டர் வண்டியில் மணிக்கு ஒருமுறை காற்று மாறினால் ஒரு நாளில் 600 கனமீட்டர் வெளிக்காற்று உள்ளே வந்து போகிறது. 5 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றாக இருந்தால், அதனோடு நாள்தோறும் வந்துபோகும் நீர் மூன்றரைக் கிலோவுக்கு மேல். அத்தகைய ஓட்டத்துக்கு நடுவே உப்புப் பெட்டியில் உள்ள ஒரு கிலோ கால்சியம் குளோரைடு எதையும் சாதித்துவிட முடியாது. பெட்டியில் நீர் நிறைவதைக் கண்டு அது வேலை செய்கிறது என்று மகிழ்கிறோம். அந்த நீரில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்ததே. போதாததற்கு, அந்தப் பெட்டியில் சேரும் உப்புநீர் உலோகத்தை அரிக்கும். அது கவிழ்ந்து தரையில் பரவினால், காற்றிலிருந்து மேலும் மேலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் துடைத்தாலும் காயாது. சின்ன அலமாரி, மூடிய பெட்டி போன்ற இடங்களில் அதற்குப் பயனுண்டு. ஒரு முழு வண்டியைக் காக்கும் பொறுப்பை அதன் தலையில் கட்டக்கூடாது.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்துவோருக்குக் காற்றோட்டமே ஏற்ற வழி. கீழே தரையோரத் துளைகளும் மேலே கூரைத் திறப்பும் சேர்ந்து இயங்கினால், வெயிலில் சற்றே சூடேறிய உட்காற்று மேலே வெளியேறி, கீழிருந்து வெளிக்காற்று உள்ளே வரும். முழுதும் திறக்காமல் சிறு இடைவெளியோடு தாழிடும் வசதி சன்னலில் இருந்தால் அந்த நிலையில் வைக்கலாம். ஆனால் சாரல் அடிக்கும் பக்கத்தில் அல்ல. கூரைத் திறப்பின் மேல் பனி மூடிவிட்டால் அந்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் பனிப்பொழிவுக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும். இந்த வழியில் வண்டி வறண்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உட்புற ஈரப்பதம் ஏறக்குறைய வெளியோடு ஒத்திருக்கும், ஈரம் ஒரே இடத்தில் குவியாது, அவ்வளவுதான். உறைபனி நிலவும் பகுதிகளில் அதுவே போதும். ஏனென்றால் அந்தக் குளிரில் பூசணம் மிக மெதுவாகத்தான் வளரும். மழையும் மூடுபனியுமாக 5 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் இடையே மாதக்கணக்கில் நீடிக்கும் மிதமான குளிர்காலம்தான் மரத்துக்குக் கொடியது. அங்கே காற்றோட்டம் மட்டும் போதாது.

வண்டியின் மேல் போர்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் அதன் அடியில் நீர் கோத்து நிற்கும். காற்றில் அசைந்து அசைந்து பெயின்டையும் சன்னல் அக்ரிலிக்கையும் தேய்த்துவிடும். நீராவியை வெளியேற விடும் துணியால் ஆன உறை நல்லது. மண்தரையிலும் புல்தரையிலும் நிறுத்துவதைவிடச் சரளை அல்லது கான்கிரீட் தளத்தில் நிறுத்துவது மேல். மண்தரைக் கொட்டகைக்குள் நிறுத்துவோர் தரையில் தடித்த பாலித்தீன் விரிப்பை விரித்து அதன்மேல் வண்டியை ஏற்றினால், நிலத்திலிருந்து எழும் ஈரத்தைக் கணிசமாகத் தடுக்கலாம்.

மின் இணைப்பு உள்ளவர்களுக்கு ஈரநீக்கி இயந்திரம் இருக்கிறது; ஆனால் வீட்டுக்கு வாங்கிய இயந்திரம் இங்கே உதவும் என்று எண்ணிவிடக்கூடாது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது கம்ப்ரஸர் வகை. அது ஒரு குளிர்ந்த சுருளில் காற்றைப் பட வைத்து நீரைப் பிரிக்கிறது. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அதன் திறன் தேய்ந்துகொண்டே போய், உறைநிலையை நெருங்கும்போது சுருளில் பனி கட்டி, பெரும்பாலான நேரம் அந்தப் பனியை உருக்குவதிலேயே கழியும். மின்சாரம் செலவாகும், தொட்டியில் நீர் சேராது. சூடில்லாத வண்டிக்கு ஏற்றது, ஈரம் உறிஞ்சும் ஜியோலைட் என்னும் கனிமத்தாலான சக்கரம் சுழலும் வகை. அது உறைநிலைக்குச் சற்று மேல் வரையிலும் வேலை செய்யும். வெளிவிடும் காற்றும் சூடாக இருப்பதால் உட்புறம் ஓரிரு டிகிரி உயரும். மின்சாரம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும், ஈரப்பதக் கட்டுப்பாட்டோடு கூடியதை வாங்கி 55 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் அது விட்டுவிட்டுத்தான் ஓடும். 40 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். மரம் சுருங்கி இணைப்புகள் பிளக்கத் தொடங்கும். சேரும் நீரைக் குழாய் மூலம் வண்டியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விடுவோர், அந்தத் தொட்டியின் வடிகுழாய் உறைந்து அடைபடும் வாய்ப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த முறையில் சன்னல்களையும் கூரைத் திறப்பையும் மூடலாம். தரையோரத் துளைகளை அப்படியே விட்டுவிடுங்கள். அதனால் இயந்திரம் சற்று அதிகமாக ஓடும்; அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதே சரி.

ஈரநீக்கி இல்லாதவர்கள் சிறு மின்சூடேற்றியைக் கொண்டும் ஓரளவு சமாளிக்கலாம். 5 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 10 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் நீக்காமலேயே, ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அது தொடர்ந்து இயங்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை போய்ச் சில மணி நேரம் பலமாகச் சூடாக்கி, மூடிவிட்டு வருவது தீமையே தரும். துணியிலும் மரத்திலும் உள்ள ஈரத்தைக் கிளப்பிக் குளிர்ந்த சுவரில் படிய வைப்பதோடு அந்தச் சூடு முடிந்துவிடும். ஆளில்லாத வண்டியில் இயங்கும் எந்தச் சூடேற்றியும் தீவிபத்துக்கு இடம் தரக்கூடியது என்பதால், விசிறி வைத்த மலிவான ஹீட்டர்களை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. கவிழ்ந்தால் தானாக நின்றுவிடும், வெப்பக் கட்டுப்பாடு உள்ள எண்ணெய் ரேடியேட்டர் போன்றதை, துணி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைக்கலாம்.

இவற்றில் எந்த வழியைத் தேர்ந்தாலும் அளந்து பார்க்காமல் நடத்துவது குருட்டு வேலை. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு டிஜிட்டல் ஈரமானி ஒன்று போதும். அதை மேசை நடுவில் வைப்பதில் பொருளில்லை. படுக்கையின் பின்மூலையிலோ வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குள்ளோ வைக்க வேண்டும், ஏனென்றால் பூசணம் அங்குதான் தொடங்கும். பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நீடித்தால் பூசணம் பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். கருவியையே சோதித்துக்கொள்வதும் எளிது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்துச் சில சொட்டு நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவந்து, கருவியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி ஒரு நாள் வைத்தால், அது 75 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுகிறதோ அதைக் கருவியின் மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கூரையும் சன்னலும் ஒழுகும் வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் மருந்தாகாது. ஈரநீக்கி, காற்றையும் பலகையின் மேற்பரப்பையும் உலர்த்திக் காட்டி, சுவருக்குள் நடக்கும் சேதத்தை மறைத்துவிடவும் கூடும். ஆகவே நிறுத்துவதற்கு முன் கூரைத் திறப்பைச் சுற்றிலும், மூலைப் பட்டைகளின் கீழும், வெளிப்பந்தலைக் கோக்கும் சட்டத்தின் திருகாணிகளிலும், விளக்குகளின் பின்னாலும் இடுக்குகளை அடைக்கும் பசையான சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசிமானி பட்டறைகளில் இருக்கும். அலமாரிகளின் உள்ளே, கண்ணில் படாத இடத்தில் ஊசியை அழுத்திப் பார்க்கலாம். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 20 சதவீதத்தைத் தாண்டினால் நீர் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். 30 சதவீதத்தை நெருங்கினால் காற்றிலிருந்து மரம் உறிஞ்சக்கூடிய அளவுக்கு உறிஞ்சிவிட்டது. மக்குவதற்கு ஏற்ற நிலை அது. பழைய சீலன்ட்டின் மேலேயே புதிதைப் பூசி மூடுவதை நான் ஏற்பதில்லை. பழையதை முழுதும் சுரண்டி எடுத்துத்தான் புதிது இட வேண்டும். குளிர் தொடங்கிய பிறகு சீலன்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் இந்த வேலையைக் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பூசணம் ஏற்கெனவே பிடித்துவிட்ட இடத்தை உலர்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள்; வித்துகள் வண்டி முழுதும் பறக்கும். முகமூடி அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, இடத்தை நன்கு உலர்த்த வேண்டும். அடிவரை கறுத்த மெத்தையை மாற்றுவதே நல்லது.

கடைசியாக வசந்தத்தின் முதல் வெதுவெதுப்பான நாள். குளிர் விட்டதும் வண்டியை முழுதும் திறந்து காற்றாடவிடத் தோன்றும். வெளிக்காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்க, வண்டியின் மரமும் உலோகமும் இன்னும் குளிர்காலத்துக் குளிரிலேயே இருக்கும். அந்த வேளையில் திறந்தால் உள்ளே நுழையும் காற்று குளிர்ந்த பரப்புகளில் பட்டு, குளிர்காலம் முழுதும் உலர்வாக இருந்த சுவர்கூட வியர்த்துவிடும். வெயில் ஏறி உட்புறமும் வெளியளவுக்குச் சூடான பின், நண்பகலுக்கு மேல் திறப்பதே சரி. மெத்தைகளை உடனே உள்ளே வைக்காமல், ஈரமானியின் எண் 60 சதவீதத்துக்குக் கீழே நின்ற பிறகு வைக்கலாம். எரிவாயுக் கலனைத் திறப்பதற்கு முன், தரையோரத் துளைகள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து, நாடாவோ சருகோ பூச்சிக்கூடோ அடைத்திருந்தால் நீக்கி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தையும் மாற்றிவிட்டு, அதன் பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கேம்பர் மரவேலைப் பழுதுபார்ப்பாளரான தங்கள் வாசகன்